வாய்க்குத்தான் காவல், மடிக்கு அல்ல!

ஓட்டுக்குப் பணம் வாங்குவது குற்றம். கொடுக்கிறவர் மட்டுமல்ல, வாங்குகிறவரும் குற்றவாளி. இந்திய தண்டனைச் சட்டத்தில் 171-பி, 171-இ என்று இருந்த பிரிவுகள், 2024-ம் ஆண்டு ஜூலை 1-ந் தேதி முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 170, 173 என்று எண் மாறி உட்கார்ந்திருக்கின்றன. தண்டனை ஓராண்டு ஜெயில் வரை போகலாம். கதவிடுக்கில் யாரோ செருகிவிட்டுப் போன 500 ரூபாய் நோட்டை ஒரு கிழவி எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாலும் சட்டத்தின் கண்ணில் அது லஞ்சம்தான்.

அந்தக் கிழவியின் ஓட்டை வாங்கி டெல்லிக்குப் போனவர், அங்கே சபையில் தன் ஓட்டை விற்றால்?

வழக்கே கிடையாது! 1998-ம் ஆண்டு முதல் 2024-ம் ஆண்டு வரை இந்த நாட்டில் அதுதான் சட்டம். பணம் வாங்கினோமா, சொன்னபடி ஓட்டைப் போட்டோமா, போய்க்கொண்டே இருக்கலாம். சி.பி.ஐ. வாசலோடு நின்றுவிட வேண்டும். கிழவிக்கு ஒரு சட்டம், எம்.பி.க்கு ஒரு சட்டம்.

இது எப்படி வந்தது? வந்தது எப்படிப் போனது? போன பிறகாவது கதை முடிந்ததா? மூன்றையும் ஜனங்கள் தெரிந்துகொள்வது நல்லது.

251-ம் 14-ம்

1993-ம் ஆண்டு ஜூலை மாதம். பிரதமர் நாற்காலியில் நரசிம்மராவ். லோக்சபாவில் அப்போது இருந்தவர்கள் 528 பேர். காங்கிரசுக்கு 251. பெரும்பான்மைக்கு 14 பேர் குறைவு. எதிர்க்கட்சிகள் நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்தன. 28-ந் தேதி ஓட்டெடுப்பு நடந்தது. அரசுக்கு எதிராக 251 ஓட்டு. அரசுக்கு ஆதரவாக 265 ஓட்டு. ஆட்சி பிழைத்தது.

251-உடன் 14-ஐக் கூட்டினால் 265. கணக்கு வாத்தியார் போட்டது மாதிரி விடை சரியாக வந்தது.

ஜார்க்கண்ட் முக்தி மோர்ச்சா எம்.பி.க்கள் சிபு சோரன், சூரஜ் மண்டல், சைமன் மராண்டி, சைலேந்திர மகதோ ஆகிய 4 பேரும் அரசைக் காப்பாற்றும் பக்கம் ஓட்டுப் போட்டார்கள். சும்மா போடவில்லை, லட்சக்கணக்கில் பணம் கைமாறியது என்பது குற்றச்சாட்டு. டெல்லி நவ்ரோஜி நகரில் உள்ள ஒரு பாங்கியில் அவர்கள் பெயரில் டெபாசிட் விழுந்தது என்று பின்னால் சி.பி.ஐ. சொன்னது. வேறு கட்சியிலிருந்து வளைக்கப்பட்டதாகச் சொல்லப்பட்ட எம்.பி.க்களும் வழக்கில் சேர்க்கப்பட்டார்கள்.

ஓட்டெடுப்பு நடந்தது 1993-ல். சி.பி.ஐ. வழக்குப் பதிவு செய்தது 1996-ல். இடையில் 3 ஆண்டுகள்! டெல்லி ஐகோர்ட்டு தலையிட்ட பிறகுதான் விசாரணை சூடு பிடித்தது. அதற்குள் தேர்தல் வந்து நரசிம்மராவ் ஆட்சியும் போய்விட்டது. சி.பி.ஐ. மத்திய அரசின் கையில் இருக்கிற போலீஸ். வீட்டு எஜமானர் மாறிய பிறகுதான் நாய் குரைத்தது என்று யாராவது சொன்னால் அவர் வாயை எப்படி மூட முடியும்?

1997-ல் மகதோ அப்ரூவராக மாறினார். வழக்கு இறுகுகிறது என்று எல்லோரும் நினைத்தார்கள். அந்த நேரத்தில்தான் சட்டம் குறுக்கே வந்து விழுந்தது.

மூன்றுக்கு இரண்டு

அரசியல் சட்டத்தின் 105-வது பிரிவு, சபையில் பேசிய பேச்சுக்காகவோ, போட்ட ஓட்டுக்காகவோ எந்த எம்.பி. மீதும் எந்தக் கோர்ட்டிலும் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்கிறது. எம்.எல்.ஏ.க்களுக்கு இதே பாதுகாப்பு 194-வது பிரிவில் இருக்கிறது.

"லஞ்சம் வாங்கியது அந்த ஓட்டுக்காகத்தானே? அப்படியானால் அதுவும் இந்தப் பாதுகாப்புக்குள் வரும்" என்று குற்றம் சாட்டப்பட்டவர்கள் தரப்பு வாதாடியது.

சுப்ரீம் கோர்ட்டில் 5 நீதிபதிகள். 1998-ம் ஆண்டு ஏப்ரல் 17-ந் தேதி தீர்ப்பு வந்தது. 3 பேர் ஒரு பக்கம், 2 பேர் மறுபக்கம். வாதம் ஜெயித்தது. பணம் வாங்கி ஓட்டுப் போட்டவர்களுக்குக் காவல் உண்டு. பணம் கொடுத்தவர்களுக்குக் கிடையாது.

இதைவிட வேடிக்கை அஜித்சிங் விஷயம். பணம் வாங்கியதாக அவர் மீதும் குற்றச்சாட்டு. ஆனால் அவர் ஓட்டுப் போடவில்லை. ஓட்டே போடாதவருக்கு ஓட்டுக்கான பாதுகாப்பு எங்கிருந்து வரும்? எனவே அவர் மீது வழக்கு நடத்தலாம் என்றது தீர்ப்பு.

அதாவது பணத்தை வாங்கி வேலையைக் கச்சிதமாக முடித்துக் கொடுத்தால் தப்பிக்கலாம். வாங்கிவிட்டு ஏமாற்றினால் மாட்டிக்கொள்வார். லஞ்சத்தில் நாணயம் இருந்தால் சட்டம் கும்பிடு போடும்! இந்த முரண்பாட்டை எதிர்த்து எழுதிய 2 நீதிபதிகள் எஸ்.சி.அகர்வால், ஏ.எஸ்.ஆனந்த் ஆகியோர். லஞ்சம் வாங்கிய நொடியிலேயே குற்றம் முடிந்துவிட்டது, பிறகு ஓட்டு எந்தப் பக்கம் விழுந்தது என்பது தேவையில்லாத கேள்வி என்பது அவர்கள் கட்சி. அந்தக் கட்சி ஜெயிக்க 26 ஆண்டுகள் ஆயின.

பணம் கொடுத்ததாகச் சொல்லப்பட்டவர்கள் கதையும் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. 2000-ம் ஆண்டில் தனிக்கோர்ட்டு நரசிம்மராவுக்கும் பூட்டாசிங்குக்கும் 3 ஆண்டு தண்டனை விதித்தது. 2002-ல் டெல்லி ஐகோர்ட்டு அப்ரூவரின் சாட்சியத்தை நம்ப முடியாது என்று இருவரையும் விடுதலை செய்தது. ஆக, வாங்கியவர்கள் மீது வழக்கு இல்லை. கொடுத்தவர்கள் என்று சொல்லப்பட்டவர்கள் நிரபராதி. அந்த 28-ந் தேதி ஓட்டெடுப்பு மட்டும் சரித்திரத்தில் நிற்கிறது.

ராஜா நுழைந்த சபை

இவ்வளவு தொல்லை தருகிற பாதுகாப்பை எதற்கு வைத்தார்கள் என்று டீக்கடையில் கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் அதற்குப் பதிலும் உண்டு. அது இங்கிலாந்தில் இருக்கிறது.

1629-ல் சார்லஸ் ராஜாவை எதிர்த்துச் சபையில் பேசினார் ஜான் எலியட் என்ற உறுப்பினர். பிடித்து லண்டன் கோட்டைச் சிறையில் போட்டார்கள். 1632-ல் சிறையிலேயே உயிர் போயிற்று. 1642-ம் ஆண்டு ஜனவரி 4-ந் தேதி அதே ராஜா ஆயுதம் தாங்கிய ஆட்களோடு சபைக்குள்ளேயே நுழைந்தார். 5 உறுப்பினர்களைக் கைது செய்ய வேண்டும் என்றார். அவர்கள் முன்பே தகவல் தெரிந்து படகேறித் தப்பிவிட்டார்கள். "எங்கே அவர்கள்?" என்று ராஜா கேட்க, சபையின் ஆணை இல்லாமல் தன் கண் பார்க்காது, நாக்கு பேசாது என்ற கருத்தில் பதில் சொன்னார் சபாநாயகர் லெந்தால். முட்டி போட்டுக்கொண்டுதான் சொன்னார். ஆனாலும் சொன்னார்.

இந்த ரத்தத்தில் பிறந்ததுதான் சபைக்குள் பேச்சு சுதந்திரம். 1689-ல் சட்டமாக எழுதி வைத்தார்கள். அங்கிருந்து அமெரிக்காவுக்குப் போயிற்று, இந்தியாவுக்கும் வந்தது. சட்டம் போடுவது சபை. ஆட்சி நடத்துவது அரசு. தீர்ப்புச் சொல்வது கோர்ட்டு. மூன்றும் தனித்தனி வீடுகள். போலீசைக் கையில் வைத்திருக்கிற அரசு, தன்னை எதிர்த்து ஓட்டுப் போட்டவர் வீட்டுக்கு மறுநாள் காலையில் ஜீப்பை அனுப்ப முடியும் என்றால், அப்புறம் எந்த எம்.பி. வாயைத் திறப்பார்? 1998-ல் அந்த 3 நீதிபதிகள் பயந்ததும் இதற்குத்தான். பயம் பொய்யல்ல. மருந்துதான் தப்பு. வாய்க்குப் போட வேண்டிய காவலை மடிக்கும் சேர்த்துப் போட்டுவிட்டார்கள்.

மருமகள் வழக்கு

விதி விளையாடியதைப் பாருங்கள். அந்தப் பாதுகாப்பை உடைத்ததும் அதே சோரன் குடும்பத்து வழக்குதான்.

சிபு சோரனின் மருமகள் சீதா சோரன். ஜார்க்கண்ட் எம்.எல்.ஏ.வாக இருந்தார். 2012-ம் ஆண்டு மார்ச் 30-ந் தேதி ராஜ்யசபா தேர்தல். சுயேச்சை வேட்பாளர் ஒருவரிடம் ஓட்டுக்காகப் பணம் வாங்கினார் என்று சி.பி.ஐ. வழக்கு. ஆனால் அவர் ஓட்டு, சொந்தக் கட்சி வேட்பாளருக்கே விழுந்தது. ராஜ்யசபா தேர்தலில் ஓட்டை ஏஜெண்டிடம் காட்டித்தான் போட வேண்டும், மறைக்க முடியாது. அந்தத் தேர்தலே ரத்தாகி மறுபடி நடந்தது. அப்போதும் சொந்தக் கட்சிக்கே போட்டார்.

மாமனாருக்குக் கிடைத்த பாதுகாப்பு தனக்கும் வேண்டும் என்று கோர்ட்டுக்குப் போனார். 2014-ல் ஜார்க்கண்ட் ஐகோர்ட்டு முடியாது என்றது. சுப்ரீம் கோர்ட்டுக்கு வந்தது. சிறிய பெஞ்சிலிருந்து பெரிய பெஞ்ச், அதிலிருந்து இன்னும் பெரிய பெஞ்ச் என்று ஏறிக் கடைசியில் 7 நீதிபதிகள் முன்னால் நின்றது.

2024-ம் ஆண்டு மார்ச் 4-ந் தேதி தலைமை நீதிபதி சந்திரசூட் தலைமையிலான பெஞ்ச் தீர்ப்புச் சொன்னது. தமிழ்நாட்டிலிருந்து சென்ற நீதிபதி எம்.எம்.சுந்தரேஷும் அதில் ஒருவர். 7 பேரும் ஒரே குரல். 1998 தீர்ப்பு செல்லாது. பணத்தை வாங்க ஒப்புக்கொண்டபோதே, அல்லது வாங்கியபோதே குற்றம் முடிந்துவிடுகிறது. ஓட்டுப் போட்டாரா, மாற்றிப் போட்டாரா, போடவே இல்லையா என்பது பற்றிக் கவலை இல்லை. ராஜ்யசபா தேர்தல் ஓட்டுக்கும் இதே கதிதான்.

கிழவிக்கும் எம்.பி.க்கும் ஒரே சட்டம் ஆயிற்று. சீதா சோரன் மீதான குற்றச்சாட்டு உண்மையா பொய்யா என்பது வேறு. அதைச் சாட்சியம்தான் சொல்ல வேண்டும். வழக்கே நடத்தக் கூடாது என்ற சுவர்தான் இடிந்தது.

ஐஸ் பெட்டியில் 90 ஆயிரம்

சுவர் இடிந்தால் போலீஸ் இஷ்டத்துக்கு உள்ளே போகலாமா? போகக் கூடாது. அமெரிக்காவில் இதற்கு ஒரு வழக்கு நடந்தது.

லூசியானா மாநில எம்.பி. வில்லியம் ஜெபர்சன். லஞ்ச விவகாரத்தில் எப்.பி.ஐ. போலீசார் 2005 ஆகஸ்டில் அவர் வீட்டைச் சோதனை போட்டபோது, பிரிட்ஜின் ஐஸ் பெட்டிக்குள் காகிதத் தகட்டில் சுற்றி, உணவு டப்பாக்களில் அடைத்து வைத்த 90 ஆயிரம் டாலர் கிடைத்தது. நோட்டெல்லாம் சில்லென்று இருந்திருக்கும்!

அதோடு விட்டிருந்தால் வம்பில்லை. 2006-ம் ஆண்டு மே 20-ந் தேதி ராத்திரி வாஷிங்டனில் பாராளுமன்றக் கட்டிடத்தில் உள்ள அவர் அறைக்கே எப்.பி.ஐ. போயிற்று. நீதிபதியின் வாரண்டு கையில் இருந்தது. காகிதங்களையும் கம்ப்யூட்டர் தகவல்களையும் அள்ளிக்கொண்டு வந்தது. பதவியில் இருக்கும் எம்.பி.யின் பாராளுமன்ற அறையில் போலீஸ் சோதனை என்பது அந்த நாட்டு சரித்திரத்தில் அதுவே முதல் தடவை. ஜெபர்சனின் எதிர்க்கட்சிக்காரரான சபாநாயகர் ஹாஸ்டர்ட்டே கொதித்தார். ஜனாதிபதி புஷ், எடுத்த காகிதங்களை 45 நாள் சீல் வைக்கச் சொன்னார்.

2007-ல் அப்பீல் கோர்ட்டு சொன்னது இதுதான்: வாரண்டு வாங்கியது தப்பில்லை. ஆனால் சட்டசபை வேலை சம்பந்தமான காகிதம் எது என்று எம்.பி. பிரித்துச் சொல்ல வாய்ப்புத் தராமல், போலீஸ் எல்லாவற்றையும் புரட்டிப் பார்த்தது தப்பு. அந்தக் காகிதங்களைத் திருப்பிக் கொடு. மற்றதை வைத்துக்கொள்.

ஜெபர்சன் தப்பித்தாரா? இல்லை. 2008-ல் தேர்தலில் தோற்றார். 2009-ல் 16 குற்றச்சாட்டுகளில் 11 நிரூபணமாகி 13 ஆண்டு தண்டனை விழுந்தது. பின்னால் லஞ்சத்துக்கான விளக்கத்தை அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு இன்னொரு வழக்கில் சுருக்கியதால் 2017-ல் வெளியே வந்தார் என்பது தனிக் கதை. சபையின் மரியாதையும் காப்பாற்றப்பட்டது, திருட்டு வழக்கும் நடந்தது. இரண்டும் சேர்ந்து நடக்கும் என்பதற்கு இது ஒரு அத்தாட்சி.

கோட்டைக்குள் சோதனை

சென்னைக்கும் இந்தக் காட்சி புதிதல்ல. 2023-ம் ஆண்டு ஜூன் 13-ந் தேதி, அமைச்சராக இருந்த செந்தில்பாலாஜியின் அறையை, செயிண்ட் ஜார்ஜ் கோட்டை தலைமைச் செயலகத்துக்குள்ளேயே போய் அமலாக்கத் துறை சோதனை போட்டது. மறுநாள் அதிகாலை கைது. கூட்டாட்சி மீது தாக்குதல் என்று முதல்-அமைச்சர் மு.க.ஸ்டாலின் கண்டித்தார். சட்டம் தன் கடமையைச் செய்கிறது என்றது எதிர்த்தரப்பு. அதே ஜூன் 14-ந் தேதி, சி.பி.ஐ. தமிழ்நாட்டுக்குள் வந்து விசாரிக்கத் தந்திருந்த பொது அனுமதியை மாநில அரசு வாபஸ் வாங்கியது.

அது அமைச்சரின் அறை, எம்.எல்.ஏ.வின் அறை அல்ல. சபையின் பாதுகாப்பு அங்கே செல்லாது. ஆனால் சட்டசபையும் தலைமைச் செயலகமும் ஒரே கோட்டைச் சுவருக்குள் இருக்கிற ஊர் இது. கோடு எங்கே என்பதை எழுதி வைக்காவிட்டால் நாளைக்குத் தகராறு வரும்.

ஒரு தப்பெண்ணத்தையும் இங்கே போக்கிவிடலாம். சபை நடக்கும்போது எம்.பி.யைக் கைது செய்ய முடியாது என்று பலர் நினைக்கிறார்கள். சிவில் வழக்கில்தான் அந்தச் சலுகை. கிரிமினல் வழக்கில் கிடையாது. கைது செய்தால் சபாநாயகருக்குத் தகவல் தர வேண்டும். சபை வளாகத்துக்குள் என்றால் முன்கூட்டியே அனுமதி வேண்டும். அவ்வளவுதான். திருச்சி எம்.பி. ஆனந்தன் நம்பியாரும் புதுக்கோட்டை எம்.பி. உமாநாத்தும் பாதுகாப்புச் சட்டத்தில் கடலூர் சிறையில் இருந்தபோது, எம்.பி. என்பதால் விடுவிக்க வேண்டும் என்று போட்ட வழக்கை 1965-ல் சுப்ரீம் கோர்ட்டு தள்ளுபடி செய்தது.

சாவி யாரிடம்?

இப்போது கடைசிக் கேள்வி. இதுதான் முக்கியமானது.

எம்.பி. மீது ஊழல் வழக்கில் குற்றப்பத்திரிகை போடுமுன் சபாநாயகரிடமோ, ராஜ்யசபா தலைவரிடமோ அனுமதி வாங்க வேண்டும், தனிச் சட்டம் வரும்வரை இப்படி நடக்கட்டும் என்று அதே 1998 தீர்ப்பில் பெரும்பான்மை நீதிபதிகள் சொன்னார்கள். அமைச்சர் என்றால் கவர்னர். சபாநாயகர் எந்தக் கட்சி? பெரும்பாலும் ஆளும் கட்சி. கவர்னரை அனுப்பியது யார்? மத்திய அரசு. சி.பி.ஐ. யாருடையது? அதுவும் மத்திய அரசுடையது. அந்த சி.பி.ஐ.யைக் கூண்டுக்கிளி என்று 2013-ல் சுப்ரீம் கோர்ட்டே சொன்னது.

மேற்கு வங்காளத்தில் என்ன நடந்தது? ரகசிய காமிராவில் அரசியல்வாதிகள் பணம் வாங்குவது போன்ற காட்சிகள் 2016-ல் வெளியாயின. நாரதா வழக்கு என்று பெயர். 2021 மே மாதம் கவர்னர் ஜெகதீப் தன்கர் 4 பேர் மீது வழக்கு நடத்த அனுமதி கொடுத்தார். 17-ந் தேதி அந்த 4 பேரும் கைது. அதில் 2 பேர் அமைச்சர்கள். முதல்-மந்திரி மம்தா பானர்ஜி சி.பி.ஐ. ஆபீசுக்கே போய் உட்கார்ந்துகொண்டார். தன்னைக் கேட்கவே இல்லை என்று மாநில சபாநாயகர் ஆட்சேபித்தார். அதே வழக்கில், சம்பவத்தின்போது எம்.பி.க்களாக இருந்தவர்கள் மீது நடவடிக்கை எடுக்க லோக்சபா சபாநாயகரிடம் சி.பி.ஐ. கேட்ட அனுமதி 2019-ல் இருந்து பதில் இல்லாமல் கிடந்தது. அவர்களில் ஒருவர் சுவேந்து அதிகாரி. இடையில் 2020 டிசம்பரில் பா.ஜனதாவில் சேர்ந்துவிட்டவர். குற்றச்சாட்டை எல்லோரும் மறுக்கிறார்கள். யார் குற்றவாளி என்பது இங்கே பேச்சல்ல. ஒரே காமிரா, ஒரே வழக்கு. ஒரு மேஜையில் மனு ஓடுகிறது, இன்னொரு மேஜையில் தூங்குகிறது!

ஆக 2024-ல் சுவர் இடிந்தது நிஜம். கதவுச் சாவி மட்டும் பழைய கைகளிலேயே இருக்கிறது. வேண்டாதவருக்குத் திறக்கும், வேண்டியவருக்குத் துரு ஏறும்.

கோர்ட்டுகள் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துப் பிடித்திருக்கின்றன. எம்.பி., எம்.எல்.ஏ. வழக்குகளுக்குத் தனிக்கோர்ட்டுகள் வந்தன, சென்னையிலும் ஒன்று இருக்கிறது. ஆட்சி மாறியதும் சொந்தக் கட்சிக்காரர் மீதான வழக்கை வாபஸ் வாங்கும் வழக்கத்துக்கு 2021 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட்டு பூட்டுப் போட்டது. ஐகோர்ட்டு அனுமதி இல்லாமல் முடியாது. 2018-ல் திருத்திய லஞ்ச ஒழிப்புச் சட்டத்தில், அனுமதி கேட்ட மனுவுக்கு 3 மாதத்தில் பதில் தர முயல வேண்டும், ஒரு மாதம் நீட்டிக்கலாம் என்று எழுதியிருக்கிறார்கள். "முயல வேண்டும்" என்ற அந்த ஒரு வார்த்தைதான் மனு படுத்துத் தூங்குகிற பாய்.

அந்த வார்த்தையைப் பாராளுமன்றம் எடுத்துவிட வேண்டும். 4 மாதத்தில் பதில் வராவிட்டால் விஷயம் ஐகோர்ட்டுக்குப் போகட்டும். மறுத்தால் ஏன் என்று எழுத்தில் காரணம் சொல்லட்டும். சபை உறுப்பினரின் அறையைச் சோதனை போட வேண்டி வந்தால், வாரண்டோடு சபாநாயகரின் அதிகாரி ஒருவரும் கூட நிற்கட்டும், சபை வேலைக் காகிதங்களை அவர் பிரித்து சீல் வைக்கட்டும், தகராறு வந்தால் நீதிபதி பார்க்கட்டும்.

இதற்கெல்லாம் சட்டம் வர நாளாகும் என்பார்கள். சட்டம் இல்லாமலே இன்றைக்கே செய்யக்கூடியது ஒன்று உண்டு. எந்த உறுப்பினர் மீது எந்தத் தேதியில் அனுமதி கேட்டு மனு வந்தது, எந்தத் தேதியில் என்ன பதில் போயிற்று என்று ஒரு பட்டியல் போட்டு, கூட்டத்தொடரின் முதல் நாளில் சபையில் வைக்கலாம். அதற்கு சபாநாயகரின் ஒரு கையெழுத்து போதும்.